உலக நிறுவனங்களில் சீனாவின் வளர்ந்துவரும் செல்வாக்கு

1944 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், இரண்டாம் உலகப் போர் இன்னும் முடிவுறாத நிலையில், அமெரிக்காவில் உள்ள பிரெட்டன் வுட்ஸ் என்னும் சிற்றூரில் 44 நாடுகளின் பிரதிநிதிகள் கூடினர். சர்வதேச நிதி நிறுவனமும் உலக வங்கியும் அம்மாநாட்டில்தான் உருப்பெற்றன. அன்று விடுதலை பெற்றிராத இந்தியாவும் தன் குழுவை அங்கு அனுப்பியிருந்தது. பின்னாளில் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சராகப் பொறுப்பேற்ற கோவை ஆர்.கே. சண்முகம் செட்டியார் அக்குழுவில் ஒருவர்.

நிதி நிறுவனத்தில் ஒவ்வொரு நாடும் செலுத்த வேண்டிய மூலதனப் பங்கு, அதாவது 'கோட்டா', அம்மாநாட்டில் வகுக்கப்பட்டது. அமெரிக்காவுக்கு 275 கோடி டாலர், பிரிட்டனுக்கு 130 கோடி, சோவியத் யூனியனுக்கு 120 கோடி, சீனாவுக்கு 55 கோடி, பிரான்சுக்கு 45 கோடி, இந்தியாவுக்கு 40 கோடி என அப்பட்டியல் அமைந்தது. சோவியத் யூனியன் நிறுவனத்தில் சேராததால் இந்தியா முதல் ஐந்து நாடுகளில் ஒன்றாகியது. தன் நிர்வாக இயக்குநரைத் தானே நியமிக்கும் உரிமையும் தொடக்க ஆண்டுகளில் அதற்குக் கிட்டியது. சீனாவும் இந்தியாவும் அருகருகே நின்ற காலம் அது.

இன்று இந்நிறுவனத்தில் சீனாவின் கோட்டா 6.4 சதவீதம், இந்தியாவின் கோட்டா 2.75 சதவீதம். ஐ.நா. சபையின் வழக்கமான வரவு செலவுத் திட்டத்தில் சீனா ஐந்தில் ஒரு பங்கை ஏற்கிறது. இந்தியாவின் பங்கு ஏறத்தாழ 1 சதவீதமே. இவ்வேறுபாட்டிற்குப் பொருளாதார வளர்ச்சி முதற்காரணம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது மட்டுமே காரணமன்று. வளர்ச்சி தானாகவே செல்வாக்காக மாறிவிடுவதில்லை. சீனா அதை எவ்வாறு மாற்றிக்கொண்டது, அம்முயற்சி எங்கெங்கே தடைப்பட்டது என்பதை ஆராய்வது வளர்முக நாடுகள் அனைத்துக்கும் பயன் தரும்.

மாணவனாக நுழைந்த நாடு

1949 இல் சீன மக்கள் குடியரசு உருவான பின்னரும், ஐ.நா. சபையில் சீனாவின் இருக்கை தைவானில் இயங்கிய அரசிடமே 22 ஆண்டுகள் இருந்துவந்தது. 1971 அக்டோபர் 25 அன்று பொதுச்சபை 2758 ஆம் தீர்மானத்தை 76 வாக்குகள் ஆதரவாகவும் 35 வாக்குகள் எதிராகவும் விழ, 17 நாடுகள் நடுநிலை வகிக்க நிறைவேற்றியது. அதன் பயனாகப் பீஜிங் அரசு பாதுகாப்புச் சபையின் நிரந்தர இடத்தையும் 'வீட்டோ' எனும் ரத்து அதிகாரத்தையும் பெற்றது. 1972 ஆகஸ்டில் அவ்வதிகாரத்தை அது முதன்முறையாகத் தனித்துப் பயன்படுத்தியது, புதிதாகப் பிறந்த வங்காளதேசம் ஐ.நா.வில் சேருவதைத் தடுப்பதற்காகவே. இரண்டு ஆண்டுகள் கழித்தே அந்நாட்டிற்கு உறுப்புரிமை கிட்டியது.

நிதி நிறுவனத்திலும் உலக வங்கியிலும் சீனா 1980 இல்தான் தன் இடத்தைப் பெற்றது. அவ்வேளையில் அது ஓர் ஏழை நாடு. ஆனால் அது கடன் கேட்ட முறை கூர்ந்து நோக்கத்தக்கது. 1981 இல் உலக வங்கியிடமிருந்து பெற்ற முதல் கடன் அணைக்கட்டுக்கோ இரும்பாலைக்கோ அன்று; பல்கலைக்கழகங்களின் மேம்பாட்டிற்கே செலவிடப்பட்டது. வங்கியின் பணத்தைப் போலவே, திட்டங்களை மதிப்பிடும் முறையையும் கணக்கு வைக்கும் ஒழுங்கையும் கற்றுக்கொள்வதில் சீன அதிகாரிகள் நாட்டம் செலுத்தினர்.

உலக வர்த்தக நிறுவனத்திலும் இதே போக்கைக் காணலாம். 1986 இல் தொடங்கிய பேச்சுகள் 15 ஆண்டுகள் நீடித்து, 2001 டிசம்பர் 11 அன்று சீனா அதில் உறுப்பினராயிற்று. தொடக்க ஆண்டுகளில் பிற நாடுகளுக்கிடையே எழுந்த பல வழக்குகளில் அது மூன்றாம் தரப்பாகச் சேர்ந்து, வாதங்கள் எவ்வாறு தொடுக்கப்படுகின்றன என்பதைக் கவனித்து வந்தது. 2008 இல் சீனச் சட்ட அறிஞர் ஒருவர் அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டுக் குழுவில் இடம் பெற்றார்.

வாக்குரிமை என்னும் மெதுவான பாதை

ஐ.நா. பொதுச்சபையில் ஒரு நாட்டுக்கு ஒரு வாக்கு. நிதி நிறுவனத்திலோ வாக்கு வலிமை பெரும்பாலும் கோட்டாவைப் பொறுத்தது. கோட்டாவைக் கணிக்க 2008 முதல் ஒரு சூத்திரம் பின்பற்றப்படுகிறது. நாட்டு உற்பத்திக்கு 50 சதவீதம், வெளிவர்த்தகத்தின் அளவைக் காட்டும் திறந்த தன்மைக்கு 30 சதவீதம், வரவுகளின் ஏற்ற இறக்கத்திற்கு 15 சதவீதம், அன்னியச் செலாவணி இருப்புக்கு 5 சதவீதம் என அதில் எடை தரப்படுகிறது. உற்பத்தியைக் கணக்கிடுகையில் சந்தை மாற்று விகிதத்திற்கு 60 பங்கும், வாங்கும் சக்திக்கு 40 பங்கும் கொள்ளப்படுகின்றன. ஏற்றுமதி இறக்குமதி மிகுந்த சிறிய ஐரோப்பிய நாடுகள் இதனால் தம் அளவுக்கு மீறிய இடத்தைப் பெறுவதும், உள்நாட்டுச் சந்தை பெரிதான இந்தியா போன்ற நாடுகள் பின்தங்குவதும் எளிதில் விளங்கும்.

எனினும் சூத்திரம் தரும் விடை அப்படியே நடைமுறைக்கு வருவதில்லை. முக்கிய முடிவுகளுக்கு 85 சதவீத வாக்குகள் தேவை. அமெரிக்காவிடம் ஏறத்தாழ 16.5 சதவீத வாக்குகள் உள்ளன. எனவே அந்நாடு இசையாமல் கோட்டாக்களை மாற்ற இயலாது. 2010 டிசம்பரில் ஒப்புக்கொள்ளப்பட்ட சீர்திருத்தம் இதற்குச் சான்று. மொத்தக் கோட்டாக்களை இருமடங்காக்கவும், வளர்ந்துவரும் நாடுகளின் பங்கை உயர்த்தவும், சீனாவை மூன்றாம் இடத்திற்குக் கொண்டுவரவும் அது வகை செய்தது. அமெரிக்கக் காங்கிரசு 2015 டிசம்பரில்தான் ஒப்புதல் தந்தது; 2016 ஜனவரியில்தான் சீர்திருத்தம் செயலுக்கு வந்தது. ஐந்தாண்டுகள் வீணே கழிந்தன.

2023 டிசம்பரில் முடிவுற்ற மறுஆய்வில் எல்லா நாடுகளின் கோட்டாவும் ஒரே விகிதத்தில், அதாவது 50 சதவீதம், உயர்த்தப்பட முடிவாயிற்று. அனைவருக்கும் ஒரே விகிதம் என்றால் ஒருவருடைய பங்கும் மாறாது என்பது வெளிப்படை. உலக உற்பத்தியில் சீனாவின் பங்கு 2000 ஆம் ஆண்டில் 4 சதவீதத்திற்கும் குறைவு. 2020-களில் அது சுமார் 17 சதவீதம். வாக்குரிமையோ 6 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. உலக வங்கியில் 2010 இலும் 2018 இலும் செய்யப்பட்ட மாற்றங்களுக்குப் பின்னரும் நிலைமை ஏறக்குறைய இதுவே.

வாக்குப் பங்கை விட விரைவாக ஒரு மதிப்பு சீனாவை வந்தடைந்தது. நிதி நிறுவனத்தின் 'சிறப்பு எடுப்பு உரிமை' என்னும் கணக்கு அலகு, சில வலிய நாணயங்களின் தொகுப்பால் மதிப்பிடப்படுவது. 2016 அக்டோபர் முதல் நாளன்று சீன நாணயமான யுவான் அத்தொகுப்பில் சேர்ந்தது. 2022 இல் அதன் எடை 12.28 சதவீதமாக உயர்த்தப்பட்டது. ஜப்பானிய யென்னையும் பிரிட்டிஷ் பவுனையும் விட இது அதிகம்.

சந்தாவும் பதவிகளும்

ஐ.நா. சபையின் செலவை உறுப்பு நாடுகள் தத்தம் செலுத்தும் திறனுக்கேற்பப் பகிர்ந்துகொள்கின்றன. தேசிய வருமானமே இதற்கு அடிப்படை. தனிநபர் வருமானம் குறைந்த நாடுகளுக்குச் சலுகை உண்டு. வருமானம் உயர உயர அச்சலுகை குறைந்துகொண்டே வரும். எந்த நாடும் 22 சதவீதத்திற்கு மேல் செலுத்த வேண்டியதில்லை என்ற வரம்பும் உண்டு. அமெரிக்கா செலுத்துவது அந்த வரம்பளவு. சீனாவின் பங்கு 2000 இல் சுமார் 1 சதவீதமாக இருந்தது. 2010-12 இல் 3.2, 2016-18 இல் 7.9, 2019-21 இல் 12, 2022-24 இல் 15.3 என உயர்ந்து, 2025-27 காலப்பகுதிக்கு 20 சதவீதத்தை எட்டியுள்ளது. ஒரு தலைமுறைக் காலத்திற்குள் ஒரு நாட்டின் சந்தா இருபது மடங்கு பெருகியது வியப்பிற்குரியதே.

பணத்துடன் ஆட்களும் வந்தனர். உலக சுகாதார நிறுவனத்திற்கு மார்கரெட் சான் 2007 முதல் 2017 வரை தலைமை வகித்தார். ஐ.நா. தொழில் வளர்ச்சி நிறுவனத்திற்கு லீ யோங் 2013 இலும், சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்திற்கு ஹூலின் ஜாவ் 2015 இலும், சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனத்திற்கு ஃபாங் லியு அதே ஆண்டிலும் பொறுப்பேற்றனர். 2019 இல் உணவு, விவசாய நிறுவனத்தின் தலைமை இயக்குநர் தேர்தலில் க்யூ டோங்யூ முதல் சுற்றிலேயே 108 வாக்குகள் பெற்று வென்றார். அப்போது ஐ.நா.வின் 15 சிறப்பு நிறுவனங்களில் நான்கின் தலைமை சீனர்களிடம் இருந்தது. உலக வங்கியின் தலைமைப் பொருளாதார அறிஞர் பதவியை வளர்முக நாடொன்றிலிருந்து முதன்முதலில் பெற்றவர் ஜஸ்டின் லின். அது 2008 இல். நிதி நிறுவனத்தின் துணை நிர்வாக இயக்குநர்களில் ஒருவராக 2011 இல் ஜு மின் அமர்ந்தார்.

இவற்றுள் விமானப் போக்குவரத்தும் தொலைத்தொடர்பும் தரநிர்ணயத்தோடு பிணைந்தவை என்பது கருதத்தக்கது. தரநிர்ணயத்திற்கான உலக அமைப்புக்கு 2015 முதல் 2017 வரையிலும், மின்தொழில்நுட்பத்துக்கான சர்வதேச ஆணையத்திற்கு 2020 முதல் 2022 வரையிலும் சீனர்களே தலைவர்களாயிருந்தனர். ஒரு கருவியின் அளவும் இணைப்பும் சமிக்ஞையும் எவ்வாறு அமைய வேண்டுமென ஒரு நாட்டின் பொறியாளர்கள் முன்மொழிந்து, அதுவே உலகத் தரமாகிவிட்டால், அந்நாட்டுத் தொழிற்சாலைகள் பந்தயத்தில் பல அடிகள் முன்னே நின்று ஓடத் தொடங்குகின்றன. இத்தகைய குழுக்களின் கூட்டங்கள் செய்தித்தாள்களில் இடம்பெறுவதில்லை. ஆயினும் வர்த்தகத்தில் அவற்றின் விளைவு பல்லாண்டுகள் நீடிக்கும்.

கதவு திறவாதபோது

2010 இன் சீர்திருத்தம் கிடப்பில் கிடந்த ஆண்டுகளிலேயே சீனா வேறொரு வழியையும் வகுத்தது. 2013 அக்டோபரில் இந்தோனேசியாவில் சீனத் தலைவர் சீ ஜின்பிங் ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கி என்னும் கருத்தை வெளியிட்டார். 10,000 கோடி டாலர் மூலதனமும் 57 நிறுவன உறுப்பினர்களும் கொண்டு அவ்வங்கி 2016 ஜனவரியில் பீஜிங்கில் பணி தொடங்கியது. அமெரிக்காவும் ஜப்பானும் விலகி நின்றன. பிரிட்டன், ஜெர்மனி, பிரான்சு ஆகியவை சேர்ந்தன. சீனாவின் வாக்கு வலிமை 26 சதவீதத்தை ஒட்டியது. முதன்மையான முடிவுகளுக்கு 75 சதவீத வாக்குகள் வேண்டும் என்ற விதியால், சீனாவின் இசைவின்றி அவை நிறைவேறா. வாஷிங்டனில் எந்த ஏற்பாட்டைக் குறை கூறினார்களோ, ஏறத்தாழ அதே ஏற்பாடு பீஜிங்கிலும் அமைந்தது என்பது கவனிக்கத்தக்கது.

இவ்வங்கியின் முதல் தலைவர் ஜின் லிச்சுனின் வாழ்க்கை, சீனா நடந்துவந்த வழியைச் சுருக்கமாகக் காட்டுகிறது. உலக வங்கியில் சீனாவின் மாற்று நிர்வாக இயக்குநராகவும், சீன நிதித்துறையின் துணை அமைச்சராகவும், ஆசிய வளர்ச்சி வங்கியின் துணைத் தலைவராகவும் பணியாற்றிய பின்னரே அவர் புதிய வங்கிக்குத் தலைமை ஏற்றார். பிறர் அமைத்த நிறுவனங்களில் பெற்ற பயிற்சியே, தாம் அமைத்த நிறுவனத்திற்கு மூலதனமாயிற்று.

இவ்வங்கியில் இரண்டாவது பெரிய பங்குதாரர் இந்தியா. அதன் வாக்கு 7 சதவீதத்திற்குச் சற்று மேற்பட்டது. மிகுதியாகக் கடன் பெற்றுள்ள நாடும் இந்தியாவே. 2014 இல் பிரேசிலின் ஃபோர்டலேசா நகரில் பிரிக்ஸ் நாடுகள் உருவாக்கிய புதிய வளர்ச்சி வங்கியில் முறை வேறு. அதில் தொடக்க உறுப்பினர் ஐவருக்கும் சமப்பங்கு. எவருக்கும் ரத்து அதிகாரம் இல்லை. அதன் தலைமையகம் ஷாங்காயில் அமைந்தது. முதல் தலைவர் பதவி இந்தியரான கே.வி. காமத்துக்குக் கிட்டியது. சென்னை மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டப் பணிகளுக்கு நிதி தருவோரில் இவ்விரு வங்கிகளும் அடங்கும். உலக நிறுவனங்களின் அதிகாரப் பகிர்வு பற்றிய வாதம், ஒரு மாநிலத் தலைநகரின் சாலைக்கடியில் தோண்டப்படும் சுரங்கம் வரை வந்து சேர்வதை இதனால் உணரலாம்.

செல்வாக்கின் எல்லைகள்

இவ்வளர்ச்சி தடையின்றி நிகழ்ந்ததாகக் கொள்ளுதல் தவறு. 2020 இல் உலக அறிவுசார் சொத்து நிறுவனத்தின் தலைமைப் பதவிக்கு நின்ற சீன வேட்பாளர், சிங்கப்பூர் வேட்பாளரிடம் தோல்வியுற்றார். ஐ.நா. தலைமைச் செயலகத்தில் சீன அலுவலர்களின் எண்ணிக்கை, சந்தாவின் அடிப்படையில் அந்நாட்டிற்கு உரிய அளவை விட வெகுவாகக் குறைந்தே இருந்துவருகிறது. உயர்பதவிகள் தேர்தலாலும் பேச்சுவார்த்தையாலும் கிடைக்கலாம். நடுத்தரப் பணியாளர் வரிசையை ஆண்டுக்கணக்கில் உழைத்தே நிரப்ப வேண்டும்.

செல்வாக்கு நிறுவனத்தின் நடுவுநிலையைப் பாதிக்கக்கூடும் என்ற அச்சமும் எழுந்தது. உலக வங்கி ஆண்டுதோறும் வெளியிட்ட 'தொழில் தொடங்குதலின் எளிமை' பற்றிய அறிக்கைகளில், சீனா உள்ளிட்ட சில நாடுகள் தொடர்பான புள்ளிவிவரங்களில் முறைகேடு நிகழ்ந்தமை விசாரணையில் வெளிப்பட்டது. 2021 செப்டம்பரில் அவ்வறிக்கையையே வங்கி கைவிட்டது. ஏழை நாடுகள் தம் சட்டங்களைத் திருத்திக்கொள்வதற்கு அடிப்படையாயிருந்த எண்கள் ஐயத்திற்குரியன என்றால், இழப்பு ஒரு நாட்டோடு நிற்பதன்று.

கடன் பற்றிய சிக்கல் இன்னும் கடுமையானது. கடன் கொடுத்த அரசுகளின் பழைய கூட்டமைப்பான பாரிஸ் மன்றத்தில் சீனா உறுப்பினர் அன்று. 2022 இல் இலங்கை வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தர இயலாத நிலையை அடைந்தபோது, கடன் கொடுத்த நாடுகளின் குழுவொன்று இந்தியா, ஜப்பான், பிரான்சு ஆகியவற்றின் கூட்டுத் தலைமையில் அமைந்தது. சீனா தனியே பேச்சு நடத்தியது. நிதி நிறுவனத்தின் உதவி கிடைப்பதற்குக் கடன் கொடுத்தவர்களின் உறுதிமொழி முன்தேவையாதலால், அவ்வுறுதிமொழிகளுக்காக இலங்கை பல மாதங்கள் காத்திருக்க நேர்ந்தது. எரிபொருளுக்கும் மருந்துக்கும் வரிசையில் நின்ற மக்களுக்கு அம்மாதங்கள் நீண்டவை. கடன் கொடுப்போரில் முன்னணிக்கு வந்த நாடு பொது நெறிகளுக்கு எவ்வளவு உடன்படும் என்பதே வருங்காலத்தின் முதன்மையான வினாக்களில் ஒன்று.

பாதுகாப்புச் சபையிலும் இவ்வினா எழுகிறது. பயங்கரவாதி மசூத் அசாரைத் தடைப் பட்டியலில் சேர்க்கும் முயற்சியைச் சீனா பல ஆண்டுகள் நிறுத்திவைத்தது. 2019 மே முதல் நாளன்றே அது நிறைவேறியது. அச்சபையை விரிவாக்கச் சாசனத்தைத் திருத்த வேண்டும். அதற்குப் பொதுச்சபையில் மூன்றில் இரு பங்கு ஆதரவும், ஐந்து நிரந்தர உறுப்பினர் அனைவரின் ஏற்பும் தேவை. நிதி நிறுவனத்தில் தன் பங்கு உயரவில்லை என முறையிடும் நாடு, பாதுகாப்புச் சபையில் பிறர் நுழைவைப் பொறுத்தமட்டில் அவசரம் காட்டுவதில்லை. நிறுவனங்களின் சீர்திருத்தத்தில் ஒவ்வொரு வல்லரசும் தனக்கு உள்ளதைக் காத்துக்கொண்டே, இல்லாததைக் கேட்கிறது.

இந்தியாவுக்கு உரிய பாடங்கள்

உலக அமைப்புகளில் இந்தியாவின் பணி புதியதன்று. உணவு, விவசாய நிறுவனத்திற்கு 1956 முதல் 1967 வரை தலைமை வகித்தவர் இந்தியரான பி.ஆர். சென், 1960 இல் பசி ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியவரும் அவரே. ஐ.நா. அமைதி காக்கும் பணிகளில் இதுவரை 2 லட்சத்து 75 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் பங்கேற்றுள்ளனர். 2015 இல் பிரான்சுடன் இணைந்து அறிவிக்கப்பட்ட சர்வதேச சூரிய சக்திக் கூட்டணியின் தலைமையகம் குருகிராமில் இயங்குகிறது. 2023 இல் புதுடில்லியில் கூடிய ஜி-20 மாநாட்டில் ஆப்பிரிக்க ஒன்றியம் நிரந்தர உறுப்பினராயிற்று.

இப்பணிகளைச் செல்வாக்காகத் தொடரச் செய்வதற்குச் சீனாவின் அனுபவம் மூன்று பாடங்களைத் தருகிறது. முதலாவது, தேர்ச்சி பெற்ற மனிதர்கள். வர்த்தகச் சட்டம், கடன் சீரமைப்பு, தரநிர்ணயம் ஆகிய துறைகளில் ஓர் அதிகாரி ஈராண்டுகளில் இடமாற்றம் பெறுவாராயின், அவர் கற்றது அவருடனேயே போய்விடும். இரண்டாவது, தொடக்கநிலைக் கூட்டங்களில் இருத்தல். விதியின் வரைவு எழுதப்படும்போது பேசுவோரின் சொல், வாக்கெடுப்பின்போது பேசுவோரின் சொல்லைவிட எடை மிக்கது. மூன்றாவது, பிறருக்காகவும் பேசுதல். நிதி நிறுவனத்தில் வங்காளதேசம், பூட்டான், இலங்கை ஆகியவற்றையும் சேர்த்தே இந்தியாவின் நிர்வாக இயக்குநர் பிரதிநிதித்துவம் செய்கிறார். சிறிய நாடுகளின் நம்பிக்கையைப் பெற்ற குரலுக்கு, அதன் வாக்குச் சதவீதத்தைக் காட்டிலும் மதிப்பு மிகுதி.

உலக நிறுவனங்களின் நிலையும் மாறிவருகிறது. 2025 ஜனவரியில் அமெரிக்கா உலக சுகாதார நிறுவனத்திலிருந்து விலகும் முடிவை அறிவித்தது. அதே ஆண்டு மே திங்களில் சீனா அந்நிறுவனத்திற்கு ஐந்தாண்டுகளில் 50 கோடி டாலர் தருவதாக உறுதி கூறியது. ஒருவர் விட்டுச்செல்லும் இடம் நெடுநாள் வெற்றிடமாக இராது. அதை ஒரு நாடு மட்டும் நிரப்புவதா, பல நாடுகள் பொறுப்பைப் பகிர்ந்துகொள்வதா என்பது இனிவரும் ஆண்டுகளில் முடிவாகும். 1944 இல் அருகருகே நின்ற இரு நாடுகளில் ஒன்று தொலைதூரம் சென்றுவிட்டது. மற்றொன்றின் பொருளாதாரமும் இப்போது விரைந்து வளர்கிறது. அவ்வளர்ச்சிக்கு ஈடான அறிவும் ஆளும் ஆயத்தமாயிருத்தல், இன்று கல்லூரியில் பயிலும் மாணவரையும் அலுவலகத்தில் கோப்பைப் புரட்டும் அதிகாரியையும் பெரிதும் சார்ந்துள்ளது.